கரையொதுங்கிய கிதாபுகள்: தனிநாயகம் அடிகளின் நூல்தேடலும் நம் வீட்டு றங்குப்பெட்டியும்

சேவியர் தனிநாயகம் அடிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மூன்று விடயங்களைச் சொல்வார்கள். அவர் நடத்திய 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகை, 1964 இல் புதுடில்லியில் உருவான உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966 இல் கோலாலம்பூரில் கூடிய முதலாவது மாநாடு. தீவுப்பகுதி மக்கள் இவற்றோடு நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வார்கள்: அவர் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913 இல் பிறந்தவர் என்பது. தீவக வலயத்தில் தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இப்பேச்சுகளை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் செய்த இன்னொரு வேலையை மேடைகளில் யாரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. அரிய தமிழ் நூல்களைத் தேடிப் போய், அவை எந்த நூலகத்தில் என்ன நிலையில் இருக்கின்றன என்று எழுதிவைத்த வேலை அது. அவருடைய எல்லாப் பணிகளிலும் காலத்தால் தேயாதது இதுதான் என்பது என் மதிப்பீடு. பல்கலைக்கழக நூலகமொன்றில் அரிய நூற்பகுதியைப் பார்க்கும் நூலகருடைய அளவுகோலைக் கொண்டு அவ்வேலையை அளந்து பார்க்கிறேன். அதே அளவுகோலை இஸ்லாமியத் தமிழ் நூல்களின் பக்கமும் பிடித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நூலகரின் எழுத்து

அரிய நூற்பகுதி என்றதும் கண்ணாடி அலுமாரி, பூட்டு, தொடக்கூடாது என்ற அறிவித்தல் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். காவல் காப்பது அந்த நூலகருடைய வேலையில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் எழுத்து வேலை. பழைய நூலொன்று கைக்கு வந்தால் அது எந்தப் பதிப்பு, எங்கே யார் அச்சிட்டது, முகப்புத்தாள் இருக்கிறதா, எத்தனை பக்கம் குறைகிறது, ஓரங்களில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எவர் எவர் கை மாறி இங்கே வந்தது என்பதையெல்லாம் நேரே பார்த்துப் பதிய வேண்டும். நூல் என்ன சொல்கிறது என்று எழுதுவது விமர்சகனுடைய வேலை. கையில் இருக்கும் அந்த ஒரு பிரதியைப் பற்றி எழுதுவது நூலகருடைய வேலை. ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் வாசகனுக்கு ஒரே நூல், நூலகருக்கு இரண்டு பொருட்கள்.

இந்த எழுத்து எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் 1578 இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். இந்திய எழுத்தில் அச்சாகி இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நூல் அது. அறியப்பட்ட ஒரே பிரதி ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹௌற்றன் நூலகத்தில் இருக்கிறது. 1952 இல் அந்நூலகத்தின் சஞ்சிகையில் ஷூர்ஹாம்மரும் கொட்றலும் சேர்ந்து அப்பிரதியை விவரித்து எழுதினார்கள். அதன் பிறகுதான் தமிழ் அச்சின் தொடக்கம் பற்றி ஊகத்தை விட்டுப் பொருளை வைத்துப் பேச முடிந்தது. அதே பாதிரியாருடைய பாவசங்கீர்த்தன நூல் 1580 இல் கொச்சியில் அச்சானது. அது தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு வந்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தில் இருந்த பிரதியை இன்னதென்று அடையாளங் கண்டு, கிரஹாம் ஷோ என்ற நூலகர் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். அந்நூல் அலுமாரியில் பல காலமாக இருந்தது. விவரம் எழுதப்படும்வரை அது இருந்தும் இல்லாத நூல்தான்.

இதை வகுப்பில் சொன்னபோது உயர்தர மாணவன் ஒருவன், "சேர், அந்தப் புத்தகம் ஹாவாட்டில கிடந்தால் எங்களுக்கென்ன?" என்று கேட்டான். குறும்புக்குக் கேட்டாலும் சரியான கேள்விதான். கிடக்கிற இடம் தெரிந்தால் கேட்டு வாங்கலாம், படம் எடுக்கலாம், பதிப்பிக்கலாம், பிழை திருத்தலாம், உரிமையும் கோரலாம். இடம் தெரியாத நூலைக் கொண்டு இவற்றில் எதையும் செய்ய முடியாது.

அடிகள் செய்து காட்டியது

தனிநாயகம் அடிகள் தொழிலால் நூலகர் அல்லர். குருவானவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராகவும் பின்பு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகவும் இருந்தவர். ஆனால் 1954 இல் 'தமிழ்க் கல்ச்சர்' இதழில் ஐரோப்பிய நூலகங்களில் உள்ள தமிழ்ச் சுவடிகள் பற்றி அவர் எழுதிய கட்டுரையையும், 1958 இல் தமிழில் முதலில் அச்சான நூல்கள் பற்றி எழுதிய கட்டுரையையும் வாசித்தால் அவற்றில் பேசுவது நூலகரின் குரல். லிஸ்பனில் 1554 இல் றோமன் எழுத்தில் அச்சான தமிழ் 'கார்த்தில்யா', கொல்லத்து நூல், 1586 இல் அச்சான அடியார் வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் இருப்பிடத்தோடு விவரம் தருகிறார். தமிழின் பெருமை பேசும் பல கட்டுரைகளில் பழைய நூல்கள் பெயராக மட்டும் மிதக்கும். அடிகளின் கட்டுரைகளில் அவை முகவரியோடு வருகின்றன.

இவ்வகையில் அவருடைய சிறந்த காரியமாக நான் கருதுவது 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அந்தாவ் தெ புறோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதிப் பதிப்பு. 16,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த அகராதி, தொகுத்தவர் இறந்த பின்பு 1679 இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த பிரதியைக் கொண்டு அடிகள் அதை அப்படியே நிழற்படப் பதிப்பாகக் கொண்டுவந்தார். எழுத்தைப் புதுக்கி, சொற்களைத் திருத்தி, 'நல்ல பதிப்பு' ஒன்றை அவரே அச்சுக்கோத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. 17ஆம் நூற்றாண்டில் தென்பகுதித் தமிழர் பேசிய சொல்லைப் பாதிரி எப்படிக் கேட்டாரோ, அச்சுக்காரன் எப்படிக் கோத்தானோ, அப்படியே நமக்கு முன் வைத்தார். பிழையும் சேர்ந்ததுதான் சான்று என்று அறிந்தவர் செய்கிற வேலை அது. 'நான் திருத்தித் தருகிறேன், நீ நம்பு' என்பது பண்டிதரின் பழக்கம். 'இதோ இருக்கிறது, நீயே பார்' என்பது நல்ல நூலகரின் பழக்கம். நம் பதிப்பு மரபில் முதற்பழக்கம் நிறைய உண்டு, இரண்டாவது அருமை.

அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கு ஓர் உசாத்துணைப் பட்டியலையும் வெளியிட்டார். மாநாடு நடத்திய ஆண்டிலேயே பட்டியலும் அகராதியும் வந்தன. ஆய்வு மேடையிலிருந்து தொடங்குவதில்லை, பட்டியலிலிருந்து தொடங்குகிறது என்பதை அவர் சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினார்.

கப்பல் போன வழி

இனி அவருடைய எல்லையையும் சொல்ல வேண்டும். அடிகள் தேடிப்போனது லிஸ்பன், றோம், பாரிஸ் என்ற வழி. போர்த்துக்கேயக் கப்பல்களும் யேசுசபைக் கடிதங்களும் போன வழி அது. அவ்வழியில் ஏற்றப்பட்ட நூல்கள்தான் அவ்வழியில் கிடைக்கும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கொழும்பு, காலி, பினாங்கு, சிங்கப்பூர் என்று போன இன்னொரு வழி உண்டு. நம் வணிகரும் ஆலிம்களும் புலவர்களும் போன வழி. அந்த வழியில் ஏறிய தமிழ் நூல்கள் அடிகளின் கட்டுரைகளில் வரவில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஒருவர் தமக்குத் தெரிந்த மொழியையும் தாம் அறிந்த சபையின் ஆவணங்களையும் கொண்டுதான் தேட முடியும். இலத்தீனும் போர்த்துக்கேயமும் அறிந்த கரம்பொன்காரர் அந்த வழியைக் கடைசிவரை நடந்து முடித்தார். அறபு எழுத்து அறிந்த நாம் நம் வழியில் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதே கேள்வி.

ஓர் ஒப்பீடு. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' மதுரையில் 1572 இல் அரங்கேறியது. கொல்லத்து அச்சு நூலுக்கு அது ஆறு ஆண்டு மூத்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுத் தமிழ், இரண்டும் ஒரு சமயத்தைத் தமிழுக்கு விளக்கிச் சொல்லும் நூல்கள். ஒன்றின் ஒரே பிரதி எந்த ஊரில், எந்த நூலகத்தில், எத்தனை பக்கத்தோடு இருக்கிறது என்பது தமிழ் சிறப்புக்கலை மாணவனுக்குப் பாடமாக வருகிறது. மற்றதற்கு ஆண்டும் புலவர் பெயரும் பாடமாக வருகின்றன. மிகப் பழைய ஏடு எங்கே, முதற்பதிப்பின் பிரதிகள் எங்கெங்கே என்ற பேச்சு என் பட்டப்படிப்பு முழுவதிலும் எழவேயில்லை.

நம் வழியில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முன்னாஜாத்துத் திரட்டு' 1872 இல் சிங்கப்பூரில் அச்சானது. அங்கே அச்சாகி எஞ்சியிருக்கும் தமிழ் இலக்கிய நூல்களில் மிகப் பழையதாக இன்று அதைச் சொல்கிறார்கள். பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் பிரதியால் இந்த உண்மை நிலைபெற்றது. ஒரு துஆப் பாடல் நூல் ஒரு நாட்டின் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குத் தொடக்கப் புள்ளியாகிறது. அடிகள் கோலாலம்பூரில் இருந்த காலத்தில் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஊர் சிங்கப்பூர்.

எங்கே தவறிப்போகின்றன

நம் நூல்கள் பட்டியலிலிருந்து தவறிப்போவதற்கு அசட்டை மட்டும் காரணமல்ல. தொழில்முறைச் சிக்கல்களும் உண்டு. நூலகரின் மேசையில் வைத்துப் பார்த்தால்தான் அவை விளங்கும்.

முதலாவது எழுத்து. அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்து அறபு, மொழி தமிழ். ப, ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக அறபு எழுத்தோடு புள்ளியும் கோடும் சேர்த்து எழுதியிருப்பார்கள். தமிழ் நூல்களைப் பட்டியலிடுகிறவர் அதைத் திறந்தால் அறபு என்று தள்ளிவைப்பார். அறபு தெரிந்தவர் வாசித்தால் பொருள் வராது, 'வேறேதோ மொழி' என்று வைத்துவிடுவார். இரண்டு அலுமாரிக்கும் நடுவில் நூல் விழுந்துவிடும். வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அறபுத் தமிழைப் பற்றி அன்றே எழுதியிருக்கிறார். அந்த எழுத்தைத் தடங்கலின்றி வாசிக்கக் கூடியவர்கள் இன்று ஊருக்கு ஒருவர் இருவர்தான். அவர்களும் வயதாளிகள்.

இரண்டாவது பெயர். 1842 இல் சீறாப்புராணத்தைப் பதிப்பித்த செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிமை எந்த எழுத்தின் கீழ்ப் பதிவது? செய்கு என்றா, அப்துல் காதிர் என்றா, நயினார் என்றா, அவரை மக்கள் அழைத்த 'புலவர் நாயகம்' என்றா? காதிர், காதர், காதிறு என்று எழுத்தும் மாறும். லெப்பை, மரைக்காயர், ஆலிம், சாகிபு ஆகியவற்றில் எது பட்டம், எது பெயரின் பகுதி என்று தெரியாதவருக்கு ஒரே ஆள் நாலு பேராகத் தெரிவார். நாலு பேர் ஒரே ஆளாகவும் தெரிவார்கள். இதற்கு நூலகவியல் படிப்பு மட்டும் போதாது. நம் வீட்டுப் பெயர்வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆண்டு. முகப்பில் ஹிஜ்ரி 1300 என்று மட்டும் இருந்தால் அது 1882 நவம்பருக்கும் 1883 நவம்பருக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். பக்கத்திலேயே தமிழ் வருடமும் கொடுத்திருந்தால் நூலகருக்கு அதிர்ஷ்டம். சித்திரபானு என்றிருந்தால் 1883 ஏப்ரலுக்கு முன்பு, சுபானு என்றிருந்தால் அதற்குப் பின்பு. இரண்டு நாட்காட்டியும் தெரிந்தவர் அரை நிமிடத்தில் முடிக்கிற கணக்கு இது. தெரியாதவர் ஆண்டில்லாத நூல் என்று எழுதிவிடுவார்.

நாலாவது இடம். டூயி பகுப்பு முறையில் இஸ்லாத்துக்கு 297, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சீறாவுக்கு எந்த எண்? 297 இல் வைத்தால் தமிழ் மாணவன் காணமாட்டான். 894.811 இல் வைத்தால் மார்க்கம் படிக்கிறவன் காணமாட்டான். ஓர் இடத்தில் வைத்து மற்ற இடத்துக்கும் குறிப்பு எழுதுவதுதான் நல்ல நூலகர் செய்வது. தமிழும் இஸ்லாமும் இரண்டு வேறு அலுமாரி என்ற எண்ணம் நூலகத்துக்குள் மட்டும் இருப்பதல்ல. நாட்டில் அது என்னென்ன செய்தது என்று இவ்விதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உவைஸ் விட்ட இடம்

இந்த இடத்தில் மர்ஹூம் பேராசிரியர் ம. மு. உவைஸைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவராவோம். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய அவருடைய ஆய்வு 1953 இல் நூலாக வந்தது. அதுவரை தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் ஓரிரு வரியோடு கடந்துபோன பரப்பு அது. பின்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இப்படி ஓர் இலக்கியம் உண்டு என்று உலகுக்கு நிறுவியவர் அவர்.

ஆனால் இலக்கிய வரலாறு வேறு, பிரதி விவரம் வேறு. 'இன்ன புலவர் இன்ன காப்பியம் பாடினார், அதில் இத்தனை படலம்' என்பது வரலாறு. 'இன்ன பதிப்பின் இன்ன பிரதி, முகப்பு இல்லை, கடைசி எட்டுப் பக்கம் கிழிந்திருக்கிறது, இன்ன ஊர் இன்ன குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கிறது' என்பது பிரதி விவரம். முதலாவதை உவைஸ் பெருமளவில் முடித்துத் தந்துவிட்டார். இரண்டாவதை அவருக்குப் பின் வந்தவர்கள் கையில் எடுத்திருக்க வேண்டும். நாமோ உவைஸின் பக்கங்களைத் திரும்பத் திரும்பச் சுருக்கி மாநாட்டு மலர்களில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னதையே சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் பெயர் சொன்ன நூல் ஒன்றின் பிரதியைத் தேடிப் போய்ப் பார்த்து வருவதுதான் மரியாதை.

ஈழத்துத் தமிழ் நூல்கள் முழுவதற்கும் இத்தகைய உழைப்பு நடந்திருக்கிறது. நூலகவியலாளர் என். செல்வராஜா தனியொருவராக நின்று தொகுக்கும் 'நூல்தேட்டம்' தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்று வளர்ந்துவருகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்து வெளியீடுகளை எவரும் வாசிக்கலாம். வெளிவந்து பொது இடத்துக்கு வந்த நூல்களை இம்முயற்சிகள் பிடித்துவிடும். வீட்டுக்குள் இருப்பதை வீட்டுக்காரர்தான் வெளியே சொல்ல வேண்டும்.

நெருப்பும் இரண்டு மணி நேரமும்

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த எம். ஏ. நுஃமான் அதைப் பற்றி எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதையை எல்லாருக்கும் தெரியும். அந்த நெருப்பில் எரிந்தவற்றில் நம் நூல்களும் இருந்திருக்கும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பது குறைவு.

1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டுப் போக விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. புத்தளத்தில் வளர்ந்தவன் நான். நூலக எரிப்புக்கு ஒரு கட்டடம் அடையாளமாக நிற்கிறது, ஒரு தொகை நினைவில் நிற்கிறது. சோனக தெருவில் வீடு வீடாக விட்டுவந்த கிதாபுகளுக்கு எண்ணிக்கை கிடையாது. பட்டியல் இருந்தால்தான் இழப்புக்கும் கணக்கு இருக்கும். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவரையும் அசனாலெப்பைப் புலவரையும் தந்த ஊர் அது. அங்கே எந்த வீட்டு அலுமாரியில் என்ன இருந்தது என்று சொல்ல ஒரு தாள்கூட நம்மிடம் இல்லை.

எல்லாம் போய்விடவில்லை. நயினாதீவில் பள்ளிவாசலுக்குக் கிட்டிய வீடொன்றில் வயதான மாமி ஒருவர் எனக்கு றங்குப்பெட்டியைத் திறந்து காட்டினார். சோனக தெருவிலிருந்து உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு போய், புத்தளத்தில் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்த கிதாபுகள். கல்லச்சில் அடித்த அறபுத் தமிழ். தாள் பழுத்து, மடித்த இடம் அப்பளமாக நொறுங்குகிறது. இராமபாணப் பூச்சி ஒரு பக்கம், உப்புக் காற்று மறுபக்கம். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தால் பாதுகாப்பாக இருக்குமே என்று நான் சொன்னேன்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கவோ மகன்? இது வருசத்துக்கொருக்கா நாங்க மௌலூதுக்கு எடுக்கிறது. எங்கட வாப்பா மௌத்தான நாளும் இதிலதான் எழுதிக் கிடக்கு" என்றார்.

உண்மைதான். பின் அட்டையின் உட்புறத்தில் பிறப்பு, இறப்பு, நிக்காஹ், கடன் கொடுத்த தொகை எல்லாம் ஹிஜ்ரி மாதக் கணக்கில் எழுதியிருந்தன. ஊர்ப்பெயரும் இருந்தது. நூலகர்கள் இதை உடைமைக் குறிப்பு என்பார்கள். விரட்டப்பட்டுத் திரும்பி வந்த ஒரு சமூகத்துக்கு இது வெறும் குறிப்பல்ல. இந்த மண்ணில் எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதற்கு உறுதியைப் போல ஒரு சாட்சி. அச்சடித்த பக்கத்தை மட்டும் படம் எடுத்து ஓரத்தை வெட்டிவிடுகிறவர்கள் இந்தச் சாட்சியைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

முக்கால் பங்கு யாருக்கு

அப்படியென்றால் மாமியின் கிதாபை என்ன செய்வது? எடுத்துப்போய் நூலகத்தில் வைத்தால் நூல் பிழைக்கும், வீடு அதை இழக்கும். விட்டுவந்தால் வீட்டில் இருக்கும், பத்து வருடத்தில் தூளாகும்.

இந்தக் கேள்விக்கு அதே தீவில் ஒரு பழைய விடை கல்லில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் வாசித்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புத் தரவேண்டும் என்றும், உடைந்த கப்பல்களின் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்றும் அது சொல்கிறது. ஆனை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. இந்து சமுத்திரக் குதிரை வணிகத்தில் அறபு வணிகர் எவ்வளவு முக்கியமானவர்கள் என்பதை நினைத்தால், அந்தப் பரதேசிகளில் நம் முன்னோரும் இருந்திருப்பார்கள் என்று எண்ண இடமுண்டு. கரையொதுங்கிய பொருளைக் காப்பாற்றியவருக்கும் பங்கு உண்டு, ஆனால் உடையவன் உடையவன்தான் என்பது அதன் நீதி.

நூல்களுக்கும் இந்த நீதி பொருந்தும் என்பதற்கு நம் காலத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த பெரும் நூற்றொகுதியை, அவர் 1992 இல் இறந்த பின்பு, 1994 இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் வாங்கியது. அப்பல்கலைக்கழக நூலகத்தின் தெற்காசியப் பகுதி நூலகர் ஜேம்ஸ் நை அதில் முன்னின்றவர். நூல்களைக் கப்பலேற்றாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். நுண்படப் பிரதிகள்தான் கடல் கடந்தன. இலங்கை மலாயர் வீடுகளில் இருந்த சுவடிகளை ரொனிற் ரிச்சியின் குழுவினர் பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் எண்ணிமப்படுத்தினார்கள். அத்திட்டத்தின் விதியே மூலம் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பதுதான். மலாயர்கள் நம்மிலும் பார்க்கச் சிறிய சமூகம். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மாமியிடம் கிதாபைக் கேட்கக்கூடாது. விவரத்தைக் கேட்க வேண்டும். அவருக்கு முக்கால் பங்கு நூலும் நினைவும், பொதுப் பண்டாரத்துக்குக் கால் பங்கு விவரமும் படமும். இதற்குக் கட்டடம் தேவையில்லை, நிதியுதவிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. நூற்பெயர், ஆசிரியர் பெயர் முகப்பில் உள்ளபடியே, அச்சகம், ஊர், ஹிஜ்ரியும் தமிழ் வருடமும், எழுத்து, பக்கத் தொகை, நீள அகலம் சென்ரிமீற்றரில், குறைவான பக்கங்கள், ஓரக் குறிப்புகள், யாரிடமிருந்து வந்தது. ஒரு தாளில் அடங்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் வீட்டின் பெயர், இல்லாவிட்டால் ஊரின் பெயர் மட்டும். கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் ஓரம் வெட்டாமல், அட்டையின் உட்புறத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே கூடாது. அதன் பசை மிச்சத் தாளையும் தின்றுவிடும். லெமினேற் பண்ணுவது கொலைக்குச் சமம்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலும் இஸ்லாமியத் துறைகளிலும் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் ஆய்வேடு எழுதுகிறார்கள். சீறாவின் உவமைகள் பற்றிய இன்னுமோர் ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஒரு மாணவி தன் ஊரின் பத்து வீடுகளில் உள்ள கிதாபுகளுக்கு விவரம் எழுதித் தரலாம். பத்து ஊர் சேர்ந்தால் ஒரு பட்டியல். பட்டியல் வந்தால் எதை முதலில் நிழற்படப் பதிப்பாகக் கொண்டுவருவது என்று தீர்மானிக்கலாம். 1966 இல் கரம்பொன்காரர் செய்தது போல, திருத்தாமல், புதுக்காமல், ஓரக் குறிப்போடு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. தாளைக்கூட இன்னும் சில வருடம் காப்பாற்றிவிடலாம். அறபுத் தமிழை வாசித்து, 'லெப்பையென்றால் இன்ன குடும்பம், இந்தப் பெயர் இன்ன வீட்டுக்காரர்' என்று சொல்லக்கூடிய வயதாளிகளை அப்படிக் காப்பாற்ற முடியாது. கிதாபை அவர்களுக்கு முன்னால் விரித்து வைத்து, அவர்கள் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் இருந்து எழுதுவதுதான் இப்போது செய்ய வேண்டிய வேலை. இன்ஷா அல்லாஹ், இந்த வருட விடுமுறையில் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் என் மாணவர்களோடு அதைத் தொடங்குகிறேன். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் புத்தளத்திலும் உள்ளவர்கள் தத்தம் ஊரில் தொடங்கட்டும்.